மங்கிய விளக்கு யாருக்குச் சாட்சி? ‘கேஸ் லைட்’: நாடகம், திரைப்படம், சொல்

2022ஆம் ஆண்டுக்குரிய சொல்லாக ‘கேஸ்லைட்டிங்’ என்பதை அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி தேர்ந்தெடுத்தது. அந்த ஓராண்டில் அச்சொல்லுக்குப் பொருள் தேடியோர் எண்ணிக்கை 1,740 விழுக்காடு கூடியதாகவும் அறிவித்தது. அறிவிப்போடு சொல்லின் பிறப்பைப் பற்றிய சிறு குறிப்பொன்றும் வந்தது. அதன் சாரம் இது: 1938இல் அரங்கேறிய ஒரு நாடகமும் அதையொட்டி எடுத்த திரைப்படமும் இச்சொல்லுக்கு மூலம். மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக அவளையே நம்பவைக்க முயலும் கணவனின் கதை அது. அவன் பரணில் செய்யும் மர்மமான காரியங்களால் வீட்டு வாயு விளக்குகள் மங்குகின்றன. ஆனால் விளக்கு மங்கவே இல்லை, உன் கண்ணை நீ நம்பாதே என்று அவளிடம் சாதிக்கிறான்.

இந்தக் குறிப்பைத்தான் பலரும் அடியொற்றி எழுதுகிறார்கள். தமிழிலும் இச்சொல்லை எழுத்துப்பெயர்த்து ஆளத் தொடங்கிவிட்டதால், இதை இங்கே விரிவாகப் பேசுவது பொருத்தமே. குறிப்பின் முன்பாதி சரியானது. விளக்கு மங்குவது கணவன் திட்டமிட்டுச் செய்த வேலையன்று, அவன் வேறெதையோ செய்யப்போக நேர்ந்த பக்கவிளைவு என்பதை அகராதிக்காரர்கள் சரியாகவே கண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் வந்த விளக்கங்கள் பல இதைக்கூடக் கைவிட்டு, கணவனே விளக்கைக் குறைத்துவிட்டு மனைவியை ஏய்ப்பதாக எழுதுகின்றன. அந்தப் பிழைக்கு அகராதியைப் பொறுப்பாக்குவது நியாயமாகாது. என் மறுப்பு குறிப்பின் பின்பாதியோடுதான். விளக்கு மங்கவில்லை என்று கணவன் மறுப்பதே கதையின் மையம் என்று அது கொள்கிறது. பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய நாடகம் அப்படிக் கட்டப்படவில்லை. அதில் விளக்கு கணவனைக் காட்டிக்கொடுக்கிறது. அதைப் பார்த்துப் புரிந்துகொள்பவள், பைத்தியம் என்று பட்டம் சுமத்தப்பட்ட மனைவி.

இது சிறு திருத்தம் போலத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் தன் அறிவால் உண்மையைக் கண்டுபிடித்த கதை, அவள் அறிவு குலைக்கப்பட்ட கதையாக மட்டும் எஞ்சிவிட்டது. அந்த மாற்றம் எந்த இடத்தில், எவ்வாறு நேர்ந்தது என்பதைத் தேட முயல்கிறேன்.

முதலில் நாடகத்தின் உள்ளே. 1880 வாக்கில், லண்டனில் ஒரு வீடு. ஜாக் மானிங்ஹாம் மனைவி பெல்லாவிடம் அவளுடைய பித்துக்கு அத்தாட்சியாக எதையெதை நீட்டுகிறான் என்று பட்டியல் போட்டுப் பார்க்கலாம். சுவரில் மாட்டியிருந்த படம் காணாமல் போகிறது. மளிகைக் கடைப் பட்டியல் காணாமல் போகிறது. இவற்றையெல்லாம் அவனே ஒளித்துவைத்து, அவள்தான் எடுத்தாள், எடுத்ததை மறந்தாள் என்கிறான். வேலைக்காரப் பெண்களைக் கூப்பிட்டு அவர்கள் எதிரில் அவளை விசாரித்து அவமானப்படுத்துகிறான். பின்னால் வந்த திரைப்படத்தில் இவற்றோடு அவனுடைய கடிகாரமும் சேர்கிறது. இசைக் கச்சேரி ஒன்றில் நாலு பேர் நடுவே அது அவள் பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இப்பட்டியலில் உள்ளவை எல்லாமே கைக்கு அடங்கும் பொருள்கள், எடுத்து மறைக்கக் கூடியவை. விளக்கு இந்த வரிசையில் இல்லை. அவள் பித்துக்கு அத்தாட்சியாக விளக்கை அவன் நீட்டும் காட்சி நாடகத்தில் கிடையாது. நீட்டவும் முடியாது. விளக்கு மங்கும் நேரங்களில் அவன் அவள் எதிரில் இருப்பதே இல்லை.

விளக்கைப் பற்றி நாடகத்தில் பேசுபவள் பெல்லா. அவள் பேசுவது கணவனிடம் அன்று. ரஃப் என்ற ஓய்வுபெற்ற துப்பறிவாளரிடம். அந்தப் பேச்சை என் சொற்களில் தொகுத்துத் தருகிறேன். இரவில் கணவன் வெளியே போன பின் விளக்கு மெல்லத் தாழ்கிறது. பிறகு, பூட்டிக் கிடக்கும் மேல்மாடியில் யாரோ நடமாடும் ஓசை. முதலில் அவள் பொருட்படுத்தாமல் இருக்கப் பார்க்கிறாள். பிறகு எழுந்து வீடு முழுக்கச் சுற்றி, வேறெங்காவது யாரேனும் இன்னொரு விளக்கை ஏற்றியிருக்கிறார்களா என்று தேடுகிறாள். யாரும் ஏற்றவில்லை. அவன் வெளியே போய்ச் சுமார் பத்து நிமிடத்தில் மங்கும் என்ற ஒழுங்கைக் கவனிக்கிறாள். திரும்பவும் விளக்கு உயர்கிறது. உயர்ந்த பத்தாவது நிமிடத்தில் வாசல் பூட்டில் அவன் சாவி திரும்பும் ஓசை கேட்கிறது. ஆகவே மேலே நடமாடுவது தன் கணவனே என்ற முடிவுக்கு அவள் வந்திருக்கிறாள், யாரும் சொல்லித் தராமல்.

இதை நிதானமாகப் படித்தால் தெரிவது ஒரு முறையான ஆய்வு. கவனிக்கிறாள், வேறு காரணம் உண்டா என்று சோதித்து விலக்குகிறாள், கால ஒழுங்கைக் குறித்துக்கொள்கிறாள், அனுமானிக்கிறாள். புகையைக் கண்டு நெருப்பை அறிவதை அனுமானத்துக்கு உதாரணமாக நம் தருக்க நூல்கள் காட்டும். இங்கே சுடர் சுருங்கியதைக் கண்டு மேலே ஆள் இருப்பதை அறிகிறாள். கேட்ட ரஃப், நீங்கள் போலீசில் இருந்திருக்க வேண்டியவர் என்ற பொருளில் பாராட்டுகிறார். என்னைக் கேலி செய்கிறீர்களா, நீங்களும் எல்லாம் என் கற்பனை என்று நினைக்கிறீர்களா என்று அவள் பதறுகிறாள். பாராட்டைக்கூடப் பாராட்டாக ஏற்க முடியாத நிலைக்குக் கணவன் அவளைத் தள்ளிவிட்டான். அவன் செய்த கொடுமை அந்த ஒரு பதற்றத்தில் முழுமையாகத் தெரிகிறது. ஆனால் அந்த நிலையிலும் அவளுடைய கண்ணும் கணக்கும் பிழைக்கவில்லை. அகராதிக் குறிப்பு விட்டுவிட்டது இதைத்தான்.

விளக்கு ஏன் மங்குகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேஸ் லைட் என்றதும் நம் ஊரில் பெட்ரோமாக்ஸ்தான் நினைவுக்கு வரும். கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வந்த, மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்பு அடித்த விளக்கு. அதில் வெள்ளைப் பூப்போல ஒரு மாண்டில் உண்டு. ஹாமில்டனின் வீட்டு விளக்கு அந்த வகை அன்று. நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு, தெருவின் அடியிலிருந்து குழாய் வழியாக வீட்டுக்குள் வந்து, சுவர்க் குழாய் முனையில் திறந்த சுடராக எரியும். மாண்டிலுக்கு ஆவுர் வான் வெல்ஸ்பாக் காப்புரிமை பெற்றது 1885இல். கதை நடக்கும் காலத்தில் வெறும் சுடர்தான், அதன் உயரம் கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்கு உடனே தெரியும். ஒரே குழாயில் இன்னொரு விளக்கைத் திறந்தால் அழுத்தம் பிரிந்து மற்றவை தாழும். மேல்மாடியில் ஒருவர் குழாயைத் திறந்தால் கீழே தண்ணீர் மெலிவதும், மின்னழுத்தம் குறைந்த ஊரில் மோட்டார் போட்டால் பல்பு மங்குவதும் இதே கணக்கில் சேரும். மானிங்ஹாம் வெளியே போவது போலப் போய், யாருக்கும் தெரியாமல் மேல்மாடிக்குள் நுழைந்து, முன்பு அதே வீட்டில் அவன் கொன்ற ஆலிஸ் பார்லோவின் கெம்புக் கற்களைத் தேடுகிறான். இருட்டில் தேட முடியாது. விளக்கை ஏற்றுகிறான். ஏற்றிய விளக்கே கீழே தகவல் சொல்லிவிடுகிறது.

மேடையில் இதற்கு இன்னொரு பலம் உண்டு. 1938 டிசம்பர் 5 அன்று ரிச்மண்ட் அரங்கில் நாடகம் முதன்முதலாக ஏறியது. 1939 தொடக்கத்தில் லண்டனின் அப்போலோ அரங்குக்குப் போனது. பெல்லாவாக நடித்தவர் குவென் ஃப்ராங்கன்-டேவிஸ். ஒரே அறை, ஒரே மாலை, மூன்று அங்கங்கள். விளக்கு தாழும்போது அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் கண்ணுக்கும் அது தாழ்கிறது. பெல்லா சொன்னது உண்மையா, பிரமையா என்று பார்வையாளர் ஐயுற வழியே இல்லை. அத்தனை பேரும் அவள் பக்கத்துச் சாட்சிகள் ஆகிவிடுகிறார்கள். நாயகியின் மனம் தெளிந்ததா கலங்கியதா என்று கடைசிவரை ஊசலாட விடும் கதைகள் உண்டு. இது அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அவள் தெளிவானவள் என்பதை விளக்கே மேடையில் நிறுவிவிடுகிறது.

இங்கே ஒரு பாடபேதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு பேரும் இச்சொல்லைப் பற்றி எழுதியும் இதற்குரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். நாடகத்தின் தலைப்பு இரண்டு சொல்: ‘கேஸ் லைட்’, நடுவே இடைவெளியோடு. 1940இல் வந்த பிரிட்டிஷ் திரைப்படத்தில் அது ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது: ‘கேஸ்லைட்’. 1944இன் அமெரிக்கப் படத்திலும் ஒரே சொல். பிரித்து எழுதுவதும் சேர்த்து எழுதுவதும் அச்சுக்காரர் விருப்பம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்குவதற்கு முன் ஒரு செய்தி. லண்டனுக்கு வாயு வழங்கிய பெரும் நிறுவனத்தின் பெயர் ‘கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி’. 1812இல் அரச சாசனம் பெற்று, 1949இல் அரசுடைமை ஆகும்வரை இயங்கியது. அதன் பெயரிலும் இரண்டு சொல்தான், நடுவே இடைவெளி. 1938இல் நாடகம் பார்க்க வந்த லண்டன்வாசிகளில் பலருக்கு அடுப்பு எரியக் கட்டணம் கேட்டு வந்த சீட்டின் தலையில் இருந்த சொற்களும் நாடகத்தின் தலைப்பும் ஒன்றாக இருந்தன.

ஹாமில்டன் இதை மனத்தில் வைத்துத்தான் தலைப்பிட்டார் என்று நான் சாதிக்க வரவில்லை. அதற்கு நேர்ச்சான்று கிடையாது. பழைய எழுத்து முறையின் மிச்சமாகவும் அது இருக்கலாம். ஆனால் பிரித்த வடிவம் பார்வையாளர் மனத்தில் எதை எழுப்பியிருக்கும் என்று கேட்க உரிமை உண்டு. சேர்த்து எழுதினால் அது ஒரு சூழல்: விக்டோரியா காலத்து மஞ்சள் வெளிச்சம், மூடுபனி, குதிரை வண்டி. பிரித்து எழுதினால் வாயு தனியாகவும் ஒளி தனியாகவும் நிற்கின்றன. குழாயில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவது ஒன்று, முனையில் கண்ணுக்குத் தெரிவது இன்னொன்று. நாடகத்தின் துப்பு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உறவில்தான் இருக்கிறது. தெரிவதைக் கொண்டு தெரியாததை அறிவது பெல்லாவின் வேலை. இடைவெளி இருந்தவரை தலைப்பு அவள் பக்கம் இருந்தது என்றே நான் படிக்கிறேன். வாதம் மெலிந்ததுதான், ஒரே ஒரு இடைவெளியின் மேல் நிற்பது. இருந்தும் தலைப்பின் அடுத்தடுத்த பயணத்தைப் பார்க்கையில் இதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

1940இன் திரைப்படத்துக்கு வருவோம். இயக்கியவர் தொரோல்ட் டிக்கின்சன், திரைக்கதை ஏ. ஆர். ராலின்சன், பிரிட்ஜெட் போலண்ட் இருவருடையது. கணவன் பெயர் பால் மாலன் என்று மாறுகிறது. ஆஸ்திரியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஆன்டன் வால்புரூக் அப்பாத்திரத்தில் நடித்தார். பெல்லாவாக டயானா வின்யார்ட், ரஃபாக ஃபிராங்க் பெட்டிங்கெல். நாடகத்தில் வாய்ப்பேச்சாக மட்டும் வந்த பழைய கொலை இங்கே படத்தின் தொடக்கத்திலேயே நடக்கிறது. தையல் வேலையில் ஆழ்ந்திருக்கும் கிழவி, பின்னாலிருந்து நெருங்கும் கைகள், பிறகு கற்களைத் தேடிக் கிழித்தெறியப்படும் இருக்கைகள். வசனமே இல்லாத இந்தப் பகுதி இன்றைக்கும் என்னை நடுங்கவைக்கிறது. சதுக்கம், தேவாலயம், இசை விடுதி என்று படம் வீட்டுக்கு வெளியேயும் நடமாடுகிறது. அடுத்த வீட்டு வழியாக மாலன் மேல்மாடிக்குள் நுழைவதையும் காண்கிறோம்.

இதில் கிடைத்ததும் உண்டு, இழந்ததும் உண்டு. கேமரா மேல்மாடிக்குள்ளேயே போய்விட்டதால், கீழே உட்கார்ந்து விளக்கைக் கொண்டு மேல்மாடியை ஊகிக்கும் வேலை பார்வையாளருக்கு இல்லாமல் போனது. நமக்கு முன்பே தெரிந்ததை அவள் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொள்வதாகக் கதை மாறுகிறது. மேடையில் நாம் அவளோடு சேர்ந்து துப்பறிந்தோம். திரையில் அவளுக்காகப் பரிதாபப்படுகிறோம். விளக்கு மெல்ல மெல்லத் துப்பு என்ற நிலையிலிருந்து வதை என்ற நிலைக்கு நகர்ந்தது இங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். படத்தில் வின்யார்டின் முகத்தில் படியும் அச்சத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு. விளக்கை நினைக்கும்போதே அந்த முகமும் கூடவே வந்துவிடுகிறது.

காலத்தையும் மறக்கக் கூடாது. நாடகம் லண்டனில் ஓடியது 1939இன் முற்பாதியில். செப்டம்பர் 1 அன்று போருக்காக இருட்டடிப்பு தொடங்கியது. தெருவிளக்குகள் அணைந்தன, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி வந்தது. படம் வெளியானது 1940இன் கோடையில், அந்த இருட்டுக்குள். ஓர் ஆண்டுக்கு முன் மேடையில் விளக்கு தாழ்ந்ததைப் பார்த்த கண்களும், வெளியே நகரமே இருண்டு கிடக்கையில் திரையில் அதைப் பார்த்த கண்களும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. இதை அளந்து காட்ட வழியில்லை. ஆனாலும் ஒளி குன்றுவது என்றாலே அஞ்சத்தக்கது என்று ஒரு நாடே பழகிவிட்ட காலத்தில், அதைத் துப்பாகப் படிப்பதைவிட அச்சுறுத்தலாகப் படிப்பது இயல்பாகியிருக்கும்.

டிக்கின்சன் ஒன்றில் மட்டும் நாடகத்துக்கு உண்மையாக இருந்தார், அதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவருடைய ரஃப் வயதான, பருத்த, சாதாரண மனிதர். பெல்லாவுக்கு உதவுகிறாரே தவிர அவளுக்குப் பரிசாக வந்து வாய்ப்பவர் அல்லர். ஜார்ஜ் கியூகர் இயக்கிய 1944இன் எம்.ஜி.எம். படத்தில் அந்த இடத்துக்கு ஜோசப் காட்டன் வருகிறார், இளமையும் அழகுமாக. மனைவி பாலாவாக இங்க்ரிட் பெர்க்மன், கணவனாக ஷார்ல் புவாயே, வேலைக்காரி நான்சியாக முதல் படத்திலேயே ஏஞ்சலா லேன்ஸ்பரி. பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது, கலை இயக்கத்துக்கு இன்னொன்று. நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதையின் எடைதான் இடம் மாறிவிட்டது. பாலாவின் எதிரில் விளக்கு தாழும்போது காட்டனின் பாத்திரம், தானும் அதைப் பார்த்ததை உறுதிசெய்கிறது; அப்போதுதான் அவள் தன் கண்ணை நம்பத் தொடங்குகிறாள். ஹாமில்டனின் பெல்லா ரஃபிடம் பேசும்போதே முடிவுக்கு வந்திருந்தாள். பாலாவுக்கு இன்னொருவரின் கண் தேவைப்படுகிறது. அகராதிக் குறிப்புக்கு நெருங்கிய உறவினர் யாரென்று கேட்டால் நான் இந்த 1944இன் படத்தைத்தான் காட்டுவேன். அவர்கள் பெயர் சொன்ன 1938இன் நாடகத்தை அல்ல. ஆயினும் இந்தப் படத்திலும் விளக்கு உண்மையே பேசுகிறது. அதைப் பொய்யாக்கும் அளவுக்குப் புவாயேயின் பாத்திரத்துக்குக் கூடத் திறமை போதவில்லை.

இனி, தலைப்புகளின் பயணம். என் வாதத்தின் முதுகெலும்பு இதுதான். அமெரிக்காவில் நாடகம் ‘கேஸ் லைட்’ என்ற பெயரில் ஏறவில்லை. 1941 டிசம்பர் 5 அன்று பிராட்வேயில் ‘ஏஞ்சல் ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் தொடங்கியது, பெர்ல் ஹார்பர் தாக்கப்படுவதற்கு இரண்டே நாள் முன்பு. கணவனாக வின்சென்ட் பிரைஸ், மனைவியாக ஜூடித் எவலின், ரஃபாக லியோ ஜி. கேரல். 1,295 முறை ஆடப்பட்டு, 1944 டிசம்பர் இறுதிவரை ஓடியது. இத்தனை ஆயிரம் அமெரிக்கர்கள் பார்த்த நாடகத்தின் பெயரில் விளக்கே இல்லை. எம்.ஜி.எம். படமெடுக்க உரிமை வாங்கியபோது, 1940இன் பிரிட்டிஷ் படத்தின் நெகட்டிவையும் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்ற ஏற்பாடும் கூடவே நடந்தது. டிக்கின்சன் ரகசியமாக ஒரு பிரதியைக் காப்பாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எப்படி என்பதில் சொல்வோருக்குச் சொல்வோர் வேறுபாடு உண்டு. படம் பிழைத்தது, ஆனால் பல ஆண்டுகள் கண்ணில் படாமல் போனது. பின்னால் அமெரிக்காவில் காட்டப்பட்டபோது அதற்கும் ‘ஏஞ்சல் ஸ்ட்ரீட்’ என்றே பெயரிட்டார்கள். மறுபுறம், பிரிட்டனில் எம்.ஜி.எம். படம் வெளியானபோது அதன் பெயர் ‘தி மர்டர் இன் தார்ன்டன் ஸ்கொயர்’.

ஆக, ஒரே கதைக்கு இரு நாடுகளில் பெயர்கள் குறுக்கும் நெடுக்குமாக இடம் மாறியிருக்கின்றன. பிரிட்டிஷ்காரருக்கு விளக்கின் பெயர் என்றால் ஹாமில்டனின் நாடகம், டிக்கின்சனின் படம். அமெரிக்கருக்கு விளக்கின் பெயர் என்றால் பெர்க்மன் அழுத அந்த ஒரே படம். மேடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை விளக்கைப் பார்த்துத் துப்பறிந்த பெல்லா, அமெரிக்க மனத்தில் ஒரு தெருவின் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டாள். விளக்கின் பெயரிலிருந்து புதுவழக்கு ஒன்று அமெரிக்காவில் பிறந்தால், அது பெல்லாவிடமிருந்து பிறக்க முடியாது. பாலாவிடமிருந்துதான் பிறக்க வேண்டும்.

புதுவழக்கு அமெரிக்காவில்தான் பிறந்தது. இதுவரை எடுத்துக்காட்டப்பட்டவற்றில் முந்தியது, 1952இல் ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேஸி ஆலன் தம்பதியின் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வந்த ‘கேஸ்லைட் சிகிச்சை’ என்ற பொருள்படும் தொடர். அங்கே அது இன்னும் பெயர்ச்சொல். ஒருவருக்கு ‘கொடுக்கப்படும்’ ஒன்று. 1961இல் மானுடவியலாளர் ஆன்டனி வாலஸ் பண்பாடும் ஆளுமையும் பற்றிய தம் நூலில் அதை வினையாக ஆள்கிறார். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் எப்போது பெயர் வினையானது என்பது தீரவில்லை. பேச்சில் அதற்கும் முன்பே மாறியிருக்கக்கூடும், அச்சு எப்போதும் பின்தங்கியே வரும். 1952ஐப் பிறந்த ஆண்டு என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. விளக்கமே தேவையில்லாமல் பார்வையாளர் சிரிப்பார்கள் என்று நம்பித்தானே நகைச்சுவையில் சேர்த்திருப்பார்கள்? அதற்கு முன்பே அது நாவில் புழங்கியிருக்க வேண்டும்.

வினையானதும் பொருள் புரண்டுவிட்டது. இதைத் தமிழ் இலக்கணத்தைக் கொண்டு பார்த்தால் தெளிவாகப் புரிகிறது. ஆங்கிலத்தில் கருவியின் பெயர் அப்படியே வினையாகும்; சுத்தியல் என்ற பெயரே சுத்தியலால் அடிப்பதையும் குறிக்கும். விளக்கின் பெயர் வினையானபோதும் அதே அச்சில் வார்க்கப்பட்டது: விளக்கைக் கருவியாகக் கொண்டு ஒருவர் இன்னொருவரை ஏதோ செய்வது. வினைக்கு எழுவாய் கணவன், செயப்படுபொருள் மனைவி, கருவி விளக்கு. மூன்றாம் வேற்றுமையில் சொன்னால் ‘விளக்கால் மயக்கினான்’. ஹாமில்டனின் வாக்கியமோ ‘விளக்கால் அறிந்தாள்’. உருபு ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான். எழுவாய் மாறிவிட்டது, வினையும் மாறிவிட்டது. நாடகத்தை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் ‘கேஸ்லைட்’ என்ற வினையைக் கேட்டு, அதிலிருந்து கதையைத் தாமே உருவாக்கிக்கொண்டால், கணவன் விளக்கைக் குறைத்துவிட்டு மறுத்தான் என்றுதான் உருவாக்குவார். அகராதிக் குறிப்பின் பின்பாதியும் அப்படிப் பின்னோக்கி உருவானது என்பது என் துணிபு. கதையிலிருந்து சொல் பிறந்தது உண்மை; பிறகு சொல் தனக்கேற்ற கதையைப் பெற்றெடுத்துக்கொண்டது.

பிரிட்டனில் வேறொரு கிளை ஓடியதற்கும் ஒரு தடயம் உண்டு. 1969இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் பார்ட்டன், வைட்ஹெட் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேண்டாத உறவினரை மனநோயாளியாகக் காட்டி மருத்துவமனையில் சேர்த்துவிடச் செய்யப்படும் சூழ்ச்சிகளைப் பற்றியது. தலைப்பில் அவர்கள் எழுதியது ‘கேஸ்-லைட்’, நடுவே சிறுகோடு. பெயராகத்தான் ஆள்கிறார்கள், ‘தோற்றப்பாடு’ என்ற சொல்லோடு சேர்த்து. அமெரிக்காவில் அப்போதைக்கு வினை நிலைத்துவிட்டது. பிரிட்டிஷ் மருத்துவர்கள் இன்னும் இரண்டு சொல்லுக்கு நடுவே ஏதோ ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்கள். இச்சிறுகோடு ஹாமில்டனின் இடைவெளியினுடைய மிச்சமா, இதழின் அச்சு வழக்கமா என்று முடிவுசெய்ய இந்த ஒரு தலைப்பு போதாது. நான் முதல் பக்கமே சாய்கிறேன். அதன் பிறகு 2016இல் அமெரிக்கக் கிளைமொழிக் கழகம் இவ்வினையை ஆண்டின் மிகப் பயனுள்ள சொல்லாகத் தேர்ந்தெடுத்ததும், 2022இல் மெரியம்-வெப்ஸ்டர் தேர்ந்தெடுத்ததும் ஒற்றைச்சொல் வடிவையே. சிறுகோட்டுக் கிளை பட்டுவிட்டது.

மறுப்பாக ஒன்று எழலாம். இன்று அச்சொல் குறிக்கும் கொடுமை உண்மையானது, அதை அனுபவிப்போர் பலர். சொல்லின் பிறப்பை நோண்டி அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். கேள்வியை மதிக்கிறேன். ஆனால் அதே கொடுமையை அனுபவித்த பெல்லா அதற்குள்ளிருந்தே என்ன செய்தாள் என்பதும் அந்தப் பிறப்பில்தான் இருக்கிறது. நாடகத்தின் இறுதியில் கணவன் நாற்காலியில் கட்டப்பட்டுக் கிடக்கிறான். கட்டை அறுத்துவிடு என்று கெஞ்சுகிறான். நான்தான் பைத்தியமாயிற்றே, பைத்தியம் எப்படி உதவும் என்று அவன் சூட்டிய பட்டத்தையே திருப்பி அவன்மேல் எறிகிறாள். தெளிந்த மூளை இருந்திருந்தால் உன்னைக் காப்பாற்றியிருப்பேனே என்ற கருத்தை அவள் அடுக்கும்போது, ஒவ்வொரு வாக்கியமும் அவன் அவளிடம் சொன்னவற்றின் எதிரொலி. 1940இன் படத்தில் வின்யார்ட் கையில் கத்தியோடு இதைச் செய்யும்போது, அதுவரை அவர் முகத்திலிருந்த அச்சம் முழுவதும் வால்புரூக் முகத்துக்கு மாறிவிடுகிறது.

கடைசியாக ஒரு சான்று. அகராதிக் குறிப்பு சரியென்றால், இந்தக் காட்சி நாடகத்தில் இருக்கவே முடியாது. ரஃபும் பெல்லாவும் அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்பாராமல் விளக்கு உயர்கிறது. வெளிச்சம் கூடியதும் இருவரும் திடுக்கிடுகிறார்கள். மேலே அவன் தன் விளக்கை அணைத்துவிட்டான், இறங்கி வரப்போகிறான். பெல்லா தனக்குத் தெரிந்த கணக்கைப் போடுகிறாள்: பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ரஃப் மறைய வேண்டும், அவள் உறங்கப் போனது போலிருக்க வேண்டும், அறை முன்பிருந்தபடி ஆக வேண்டும். அதன் பிறகுதான் வாசலில் சாவி திரும்புகிறது.